கிரெடிட் யார் கணக்கில் வரவாகிறது?

கணக்கேட்டில் கிரெடிட் என்றால் வரவு. கடைவீதியில் அதே சொல் கடனைக் குறிக்கும். இந்திய உயர்கல்விக் கொள்கை சில ஆண்டுகளாக வங்கியின் மொழியைப் பேசி வருகிறது. இவ்விரு பொருள்களில் எது பள்ளி மாணவருக்கு வாய்க்கப் போகிறது என்பதைக் கேட்டுவிட வேண்டிய நேரம் இது.

2021-இல் கல்விக் கிரெடிட் வங்கி தொடங்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு வெளியானது. அதன்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட்; ஓராண்டுக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட். பன்னிரண்டாம் வகுப்பு நான்காம் நிலை, இளங்கலை முதலாண்டு நாலரையாம் நிலை. பள்ளியும் பல்கலைக்கழகமும் ஒரே அளவுகோலில் வைக்கப்பட்டுவிட்டபின், பள்ளியில் இருக்கும்போதே பல்கலைக்கழகப் பாடமொன்றைப் படித்து அதன் கிரெடிட்டைப் பின்னர் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளலாமே என்ற யோசனை தானாகவே எழுகிறது. பள்ளிகளும் உயர்கல்வி நிறுவனங்களும் கைகோத்து நடத்தும் சான்றிதழ் வகுப்புகள் ஏற்கெனவே வந்துவிட்டன. சென்னை ஐஐடி, பங்குதாரப் பள்ளிகளின் வழியாகப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தரவு அறிவியலிலும் மின்னணுவியலிலும் இணையவழிப் பாடங்களை வழங்கி வருகிறது. சான்றிதழிலிருந்து கிரெடிட்டுக்கு இன்னும் ஓரடிதான்.

இந்த யோசனையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்தியக் கல்வித்துறை நூறாண்டுக்காலம் மெனக்கெட்டுச் சாத்திய கதவு இது. 1917-இல் அமைக்கப்பட்டு 1919-இல் அறிக்கை தந்த கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணையம், மைக்கேல் சாட்லரின் தலைமையில், இண்டர்மீடியட் வகுப்புகளைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்கச் சொன்னது. பல்கலைக்கழகங்கள் உண்மையில் பள்ளிகளின் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன, அதையும் மோசமாகச் செய்கின்றன என்பது அதன் கணிப்பு. பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பெரிய கூடத்தில் அமர்த்தி, அவர்களுக்குப் பழகாத மொழியில், முகம் பாராமல் விரிவுரை ஆற்றுவது கற்பித்தல் ஆகாது. 1964–66-இன் கோத்தாரி ஆணையமும் புகுமுக வகுப்பைப் பள்ளிக்கு மாற்றவே பரிந்துரைத்தது. தமிழ்நாடு 1978-இல் மேல்நிலை வகுப்புகளைத் தொடங்கிப் புகுமுக வகுப்புக்கு விடைகொடுத்தது. கேரளத்தில் அதே பிரிவினை 1990-களின் இறுதிவரை இழுத்தது. பிகாரில் பட்டக் கல்லூரிகளில் இண்டர்மீடியட் கற்பித்தல் நின்றது 2024 ஏப்ரலில்தான். ஒரு கை கதவைச் சாத்தி முடிக்குமுன் மறு கை அதைத் திறக்கத் தொடங்கியிருக்கிறது என்று இதைப் பார்ப்பதில் தவறில்லை.

திறப்பதில் குற்றமில்லை. ஆனால் கதவு சாத்தப்பட்டதன் காரணம் இன்னும் உயிரோடிருக்கிறது. பெரிய கூடத்தின் இடத்தை இப்போது காணொளி பிடித்துக்கொண்டுள்ளது. பழகாத மொழியும் முகம் பாராமையும் அப்படியே இருக்கின்றன.

இம்முறைக்கு முன்னோடியாகக் காட்டப்படும் அமெரிக்காவில் நடந்தது வேறு. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955-இலும் சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்திலும் ஆரம்பித்த திட்டங்களில், பல்கலைக்கழகப் பாடத்தை உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறையிலேயே நடத்துபவர் அப்பள்ளியின் ஆசிரியர். அவரைத் தேர்ந்தெடுத்துத் தகுதி அளிப்பது பல்கலைக்கழகத் துறை. அவர் துறையின் பயிலரங்குகளுக்குப் போக வேண்டும். பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் துறையோடு ஒத்து நடத்த வேண்டும். கிரெடிட் மாணவர் கணக்கில் ஏறுவதற்கு முன்பே, பல்கலைக்கழகம் ஒரு பள்ளி ஆசிரியரைத் தனக்குச் சமமானவராக ஏற்றுக்கொண்டாக வேண்டும். இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே பாலமாவது அந்த ஏற்புதான். அங்கும் குறைகள் உண்டு. கறுப்பின மாணவர்களும் ஹிஸ்பானிய மாணவர்களும் இவ்வகுப்புகளில் தங்கள் விகிதத்துக்குக் குறைவாகவே இடம்பெறுகிறார்கள். தகுதிபெற்ற ஆசிரியர் கிடைக்காத சிற்றூர்ப் பள்ளிகள் பின்தங்குகின்றன. ஆனால் எங்கே ஆசிரியர் இல்லையோ அங்கே திட்டமும் இல்லை என்ற இந்தக் குறையே, திட்டம் எதன்மேல் நிற்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்தியாவில் உருவாகிவரும் வடிவத்தில் பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்கும் பதவி ஒருங்கிணைப்பாளர். மாணவர் பெயர்களைப் பதிவேற்றுவது, கடைசித் தேதியை நினைவூட்டுவது, கடவுச்சொல் மறந்துபோனவர்களுக்கு உதவுவது அவர் வேலை. பாடம் வேறெங்கோ, பெரும்பாலும் ஆங்கிலத்தில், பதிவு செய்யப்பட்டுவிட்டது. இருபதாண்டுகள் இயற்பியல் நடத்தியவர் தம் வகுப்பறையில் திரையை இயக்குபவராகிறார். இதை யாரும் அவமதிப்பாக எண்ணிச் செய்யவில்லை. செலவு குறைவு, எண்ணிக்கை பெரிது, அவ்வளவுதான். எண்ணிக்கை பெரிதாகத்தான் வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள் என்பது வேறு கேள்வி.

மாற்று வழி எப்படியிருக்கும் என்பதற்கு மொழியியலை எடுத்துக்கொள்ளலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் முதுகலையில்தான் தலைகாட்டும் துறை இது. பள்ளிப் பாடத்திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஆயினும் பள்ளி மாணவர்களால் அதைச் செய்ய முடியும் என்பது நிரூபணமான செய்தி. பன்னாட்டு மொழியியல் ஒலிம்பியாட்டில் இந்திய அணி 2009 முதல் கலந்துகொள்கிறது; 2016-இல் அப்போட்டி மைசூரிலேயே நடந்தது. அணிக்கான தேர்வுக்குப் பாணினியின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அப்போட்டி தேடுவது விரல்விட்டு எண்ணத்தக்க கூர்மதியினரை. கிரெடிட் பாடம் தேட வேண்டியவர்கள் மற்றவர்கள்.

தென் பிகாரில், மகஹி பேசும் ஊரொன்றின் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து பார்க்கலாம். இந்தித் தேர்வில் ‘ஹம் கானா காயே’ என்று எழுதுகிறாள். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து ‘ஹம்னே கானா காயா’ என்று திருத்துகிறார். தரப்படுத்தப்பட்ட இந்தியில், செயப்படுபொருள் குன்றாவினை முற்றுப்பெற்ற செயலைச் சொல்லும்போது எழுவாய் ‘நே’ என்ற உருபை ஏற்கும்; வினை எழுவாயை விட்டுச் செயப்படுபொருளோடு இயையும். ‘ராம்னே ஆம் காயா’, ஆனால் ‘ராம்னே ரோட்டீ காயீ’. தின்றவன் ராமன், வினையின் பாலை முடிவு செய்வதோ மாம்பழமும் ரொட்டியும். மகஹியிலும் போஜ்புரியிலும் மைதிலியிலும் இந்த ‘நே’ கிடையாது. அவள் எழுதியது கவனக்குறைவால் வந்த பிழை அன்று. வீட்டு மொழியின் இலக்கணத்தை இந்தியின் மேல் ஒழுங்காகப் பொருத்தியதன் விளைவு. இன்னொரு பக்கம், அவள் வீட்டு மொழியின் வினைமுற்றில் எழுவாயின் மரியாதை நிலையோடு செயப்படுபொருளின் மரியாதை நிலையும் பதிவாகிறது. யார் அடித்தார் என்பது மட்டுமின்றி, அடிபட்டவர் பெரியவரா சிறியவரா என்பதும் வினையிலேயே தெரிந்துவிடும். தரப்படுத்தப்பட்ட இந்தியால் இதைச் செய்ய முடியாது. பதினேழு வயதுவரை அவளிடம் இதை யாரும் சொன்னதில்லை. தன் பேச்சு ‘தேஹாத்தி’, நாட்டுப்புறத்துக் கொச்சை, என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று கிரெடிட் என்றால் 90 மணி நேரம். 30 மணி வகுப்பு. 30 மணி வீட்டிலும் ஊரிலும் பாட்டிகளின் பேச்சைப் பதிவுசெய்து எழுத்தாக்குவது. 30 மணி அதைப் பகுத்து எழுதுவது. ஆய்வகம் வேண்டாம், ஒரு கைப்பேசி போதும். இங்கே ஆங்கிலக் காணொளியால் ஒரு பயனும் இல்லை, ஏனெனில் தரவு வகுப்பறையில்தான் இருக்கிறது. தேவைப்படுபவர் அந்த மொழியை அறிந்த ஆசிரியர். சிவப்பு மையால் அடித்தவரே அவராக இருக்கக்கூடும். அவரும் மகஹி பேசுபவராகவே இருக்க வாய்ப்பு மிகுதி. தாம் படித்த காலத்தில் அதே வாக்கியத்துக்கு அவரும் அடி வாங்கியிருப்பார். ஒரு கோடை விடுமுறையில் பல்கலைக்கழகத் துறை அவரை அழைத்து, மூன்று வாரம் உடன் வைத்துப் பயிற்றுவித்தால், அவரிடமிருந்து துறை கற்றுக்கொள்ளும் இலக்கணமும் சிறிதளவாய் இராது. இதே முறை தாவரவியலுக்கும் உள்ளூர் வரலாற்றுக்கும் பொருந்தும். கணிதத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது.

தரம் தாழ்ந்துவிடும் என்பது எதிர்ப்பவர்களின் முதல் அச்சம். பள்ளி ஆசிரியர் நடத்திய பாடத்தைப் பட்டப்படிப்பில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கும் பேராசிரியர்களே, தங்கள் மாணவர் ஸ்வயம் தளத்தில் பார்த்து முடித்த காணொளிப் பாடத்துக்குக் கிரெடிட் வழங்க ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரை அவ்வாறு பெறலாம் என 2021-இன் விதி அனுமதிக்கிறது. மாணவரின் முகத்தை அறிந்த ஆசிரியர்மீது இல்லாத நம்பிக்கை, முகமறியாத சேவையகத்தின்மீது இருப்பது வியப்புக்குரியது.

இரண்டாம் அச்சத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. வங்கியில் போட்ட கிரெடிட்டுக்கு அதிகபட்சம் ஏழாண்டு ஆயுள். அதற்குள் அதை ஏற்கும் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும். ஏற்பதா மறுப்பதா என்பது பெறுபவரின் கையில் இருக்கிறது. மாநகரப் பள்ளியொன்று புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தோடு செய்த ஒப்பந்தத்தின் கிரெடிட் எங்கும் செல்லும். அரசுப் பள்ளி மாணவி அருகிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெற்ற மூன்று கிரெடிட், தில்லியில் சேரும்போது செல்லாக் காசாகலாம். அப்படி நேர்ந்தால் 90 மணி நேரம் அவளுக்குக் கடனாகவே முடியும். கணக்குப்பாடமோ வேலையோ தின்றிருக்க வேண்டிய 90 மணி நேரம் அது. ஆகவே மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஒன்று மற்றொன்றின் பள்ளிக் கிரெடிட்டைக் கட்டாயம் ஏற்கும் விதி முதலில் வர வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் அவ்விதி பொருந்த வேண்டும். ஒப்பந்தங்களும் விழாக்களும் அதற்குப் பிறகு.

தொடக்கத்துக்கு ஒரு மாவட்டம், பத்து அரசுப் பள்ளிகள், ஒரு பருவம், ஒரே ஒரு பாடம் போதும். மூன்று வாரப் பயிற்சிக்கு ஆசிரியருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பும், பாடம் நடத்தும் பருவத்தில் அவருடைய வாராந்தர வகுப்புகளில் ஐந்து குறைப்பும் தர வேண்டும். மாணவியின் மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயருக்கு எதிரே பயிற்றுநர் என்ற கட்டம் இருக்கும். அதில் பல்கலைக்கழகத் துறையின் பெயரோடு அந்தப் பள்ளி ஆசிரியரின் பெயரும் அச்சாக வேண்டும்.