தவில்காரரின் கையைப் படமெடுங்கள்

ஜாஸ் நமக்கெதற்கு என்பவர்கள் 1976 மோன்த்ரோ ஜாஸ் விழாவில் ‘சக்தி’ குழு வாசித்த காணொளியைப் பார்க்கட்டும். ஜான் மெக்லாக்லின் கிதாரோடு நம்ம விக்கு விநாயகராம் மல்லுக்கு நிற்பார். கடத்தில் விரல் விழும் இடம் மாறினால் நாதம் மாறும். வாயை வயிற்றோடு அழுத்தினால் கனக்கும். ஒலித்தட்டில் இதைக் கேட்கலாம், எப்படி நடக்கிறது என்று படத்தில்தான் தெரியும்.

அது தற்செயலாகத் தப்பிய படமல்ல. விழாவை நடத்திய குளோட் நோப்ஸ் கச்சேரிகளைப் பதிவு செய்து பத்திரப்படுத்தினார். 2013இல் யுனெஸ்கோ அந்தச் சேகரத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நம்ம ஊருக்கு வருவோம். தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமியில் கைப்பேசிக்குப் பஞ்சமே இல்லை. காவடி, ரதம், செல்ஃபி எல்லாம் இருக்கும். நாதஸ்வரக்காரர் பாதி முகமாக வந்து போவார். தவில் சூடுபிடிக்கும்போது காணொளி முடிந்திருக்கும். அதன்மேலும் சினிமா பாட்டை ஒட்டிவிடுகிறார்கள்.

“காசு ஏதுப்பா?” என்று சொல்லாதீர்கள். பந்தலுக்கும் விளக்குக்கும் இருக்கிறதே! ஒரு கேமரா, ஒரு முக்காலி, ஒரு நல்ல மைக் போதும். ஒரு மணி நேரம் வாசிப்பவர் கையைவிட்டு நகராமல் எடுங்கள். பெயர், தேதி, ராகம் எழுதி வையுங்கள். பெரியவர் கை ஓய்ந்த பிறகு பொன்னாடை போர்த்தி என்ன பிரயோஜனம்?