தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவது தப்பா?

மேனேஜருக்கு ரெண்டு வரி மெயில். அதை எழுத அரை மணி நேரம். மனசுக்குள் தமிழில் ஒரு வாக்கியம், டிரான்ஸ்லேட் ஆப்பில் ஒரு பேஸ்ட், வந்ததை நாலு முறை படித்துவிட்டு பயந்துகொண்டே ஒரு 'சென்ட்'. தமிழ்வழியில் படித்து வேலைக்கு வந்த பலருக்கும் இது பழகிய கதைதான். 'இங்கிலீஷ்லயே யோசி, தானா வரும்' என்ற அட்வைஸும் கூடவே வரும். அது சரியா?

ஆய்வு என்ன சொல்கிறது?

ஜப்பானில் 48 பல்கலைக்கழக மாணவர்களிடம் கோபயாஷி, ரின்னர்ட் இருவரும் நடத்திய ஆய்வு 1992-ல் வெளியானது. மாணவர்கள் ஒரு கட்டுரையை நேரடியாக ஆங்கிலத்தில் எழுதினார்கள். இன்னொன்றை ஜப்பானிய மொழியில் எழுதி, பிறகு தாங்களே மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்த்ததில்தான் கருத்தும் அமைப்பும் மேலாக இருந்தன. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர்களுக்கே இதில் லாபம் அதிகம். நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை, பிழைகள்கூட அதிகமாயின.

அப்போ எங்கே சறுக்குகிறது?

யோசனையை விட்டுவிட்டு வாக்கியத்தை அப்படியே தூக்கிப் போகும்போது. 'நேத்துதான் அனுப்பினேன்' என்பது 'எஸ்டர்டே ஒன்லி ஐ சென்ட்' ஆகிறது. 'தி'-க்கு நேரான சொல் தமிழில் இல்லை. அதனால் ஆங்கிலத்திலும் அது விடுபடுகிறது.

ஆப்பும் சறுக்கும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் 2011-ல் வந்தது. 2017-ல் நியூரல் முறைக்கு மாறியபின் தரம் கூடியது. ஆனாலும் 'அவங்க அனுப்பச் சொன்னாங்க' என்றால், அது உங்கள் டீம் லீடா, ஒரு குழுவா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? மரியாதைக்குச் சொன்னது 'தே' ஆகிவிடலாம். 'அவர்' என்று எழுதினால் பெண் மேனேஜர் 'ஹி' ஆகிவிடலாம்.

என்ன செய்யலாம்?

1. என்ன நடந்தது, என்ன வேண்டும், எப்போதுக்குள் வேண்டும் - மூன்றையும் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒவ்வொன்றையும் சின்ன ஆங்கில வாக்கியமாக நீங்களே எழுதுங்கள். வார்த்தை கிடைக்காதபோது மட்டும் ஆப்.

3. எழுதியதை ஆப்பில் போட்டுத் தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் நினைத்தது வரவில்லையா? வாக்கியத்தைத் திருத்துங்கள்.

முழு மெயிலையும் ஆப்பிடம் விட்டால் அன்றைய வேலை முடியும். ஆனால் மீட்டிங்கில் அதையே விளக்கச் சொன்னால் நாம்தான் பேச வேண்டும். நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை: 'இங்கிலீஷ் சுமார்' என்பதற்கு 'விஷயம் தெரியாது' என்று அர்த்தம் இல்லை.