மடிக்கணினியைத் திருப்பிப் பாருங்கள்

பெட்டாலிங் ஜெயா செக்‌ஷன் 14இல் இருக்கும் டிஜிட்டல் மாலில் அண்மையில் ஓர் அப்பாவையும் மகளையும் பார்த்தேன். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அப்பா ஒதுக்கி வைத்திருந்தது 2,000 வெள்ளி. ஒரு கடையில் புத்தம் புதிய மடிக்கணினி. மெல்லிய சாம்பல் நிற உடல், பையும் மவுசும் இலவசம். எதிர்க்கடையில் ஓரம் லேசாகத் தேய்ந்த கறுப்பு நிற 'திங்க்பேட் டி480'. விலை ஏறக்குறைய பாதி.

மகளுக்குப் பழையதே போதும். அப்பாவுக்குத்தான் மனம் வரவில்லை. "முதல் தடவையா வெளியூர் போய்ப் படிக்கப் போற பிள்ளை சார். அதுக்குப் போய் பழசை வாங்கிக் கொடுக்கிறதா?" என்றார்.

இந்தத் தயக்கம் பல வீடுகளில் உண்டு. இந்த வாரம் அதைப் பற்றியே பேசுவோம்.

அந்த இரண்டு கணினிகளுக்கும் வயதில் மட்டுமல்ல, வகுப்பிலும் வேறுபாடு இருக்கிறது. புதியது, குறைந்த விலைக்கு என்றே தயாரிக்கப்பட்டது. டி480 நிறுவனங்களுக்காக 2018இல் வந்தது. நிறுவனங்கள் இத்தகைய கணினிகளை மொத்தமாக எடுத்துச் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மாற்றிவிடும். அப்படிக் கழிக்கப்பட்டவைதாம் துடைத்துச் சரிபார்க்கப்பட்டுக் கடைக்கு வருகின்றன. அலுவலகத்தில் ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்ற வேண்டும் என்பதே அவற்றின் அடிப்படைக் கணக்கு.

டி480ஐத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க பேட்டரியைத் தாழ்ப்பாளைத் தள்ளினாலே கழற்றிவிடலாம். உள்ளே இன்னொரு சிறிய பேட்டரி இருப்பதால், கணினியை அணைக்காமலே வெளிப்பேட்டரியை மாற்றலாம். அடிமூடியைத் திறந்தால் ரேம் செருக இரண்டு இடங்கள். எஸ்எஸ்டியையும் மாற்றலாம். விசைப்பலகையில் தேநீர் கொட்டினால் வடிந்துபோக வழியும் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டே, 2019இல், டி490 வந்தது. கழற்றும் பேட்டரி போய்விட்டது. ரேமில் ஒரு பகுதி தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது. செருக ஒரே ஓர் இடம் மிஞ்சியது. மெலிதாகவும் இலேசாகவும் இருக்க வேண்டும் என்ற போட்டியில் எல்லா நிறுவனங்களும் இந்த வழியில்தான் போயின. 2020இல் வந்த ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர் அருமையான கணினிதான். ஆனால் வாங்கும்போது 8 ஜிபி என்றால் கடைசிவரை 8 ஜிபிதான்.

சக்கரம் இப்போது திரும்பி வருகிறது. பழுதுபார்ப்பு வழிகாட்டிகளுக்குப் பெயர்பெற்ற 'ஐஃபிக்ஸிட்' நிறுவனத்தோடு சேர்ந்து லெனோவோ 2024இல் வெளியிட்ட டி14 ஐந்தாம் தலைமுறையில் இரண்டு ரேம் இடங்களும் மீண்டும் வந்துவிட்டன. பழுதுபார்க்கும் வசதிக்கு அதற்கு 10க்கு 9 மதிப்பெண் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே மாற்றக்கூடியதாக அமைக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வருகிறது. பழையவர்கள் செய்தது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை என்பதை உலகம் ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

என்னைக் கேட்டால் தரம் என்பது பளபளப்பில் இல்லை. ஒரு பாகம் செத்தால் முழுக் கணினியும் செத்துப்போகுமா என்பதே கேள்வி.

அதற்காகப் பழையது எல்லாமே தங்கம் என்று ஓடிவிடக் கூடாது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். டி480 என்ற அதே பெயரில் ஏழாம் தலைமுறைச் சில்லு உள்ளவையும் விற்கப்பட்டன என்பதுதான் இதில் உள்ள பொறி. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சில்லின் முழுப் பெயரைக் கேளுங்கள். 'ஐ5-8250யூ' என்பதுபோல் கோட்டுக்குப் பின் 8 இருக்க வேண்டும். இந்த வரிசையின் ஏழாம் தலைமுறை ஐ5இல் இரண்டு கோர்கள், எட்டில் நான்கு. வேகத்திலும் அந்த வேறுபாடு தெரியும்.

காசு கொடுப்பதற்கு முன் இன்னும் சிலவற்றைப் பாருங்கள்.

திரை 1920க்கு 1080 இருக்கட்டும். 1366க்கு 768 திரையும் அதே மாடலில் வந்திருக்கிறது. மணிக்கணக்கில் படிக்கும் கண்ணுக்கு அது தண்டனை.

விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தொடக்கக் கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் அதில் இருக்கும். பாதிக்கும் கீழே போயிருந்தால் புதிய பேட்டரியின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

யூஎஸ்பி-சி துளையில் சார்ஜரைச் செருகி, சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். அந்தக் கால திங்க்பேட்களில் இந்தத் துளையைப் பாதிக்கும் மென்பொருள் கோளாறு இருந்து, லெனோவோவே திருத்தம் வெளியிட்டது. அது போடப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மூடியைப் பலமுறை திறந்து மூடி, கீல் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனத்தின் பயாஸ் கடவுச்சொல் நீக்கப்பட்டதா என்பதையும் அங்கேயே சோதியுங்கள். வீட்டுக்கு வந்தபின் அதை நீக்குவது பெரும்பாடு.

புதியது யாருக்கு? காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை, கட்டடக்கலை படிப்பவர்களுக்கு எட்டாண்டுச் சில்லு திணறும். நாள் முழுக்க மின்செருகி இல்லாமல் திரிபவர்களுக்கும் புதியதே நல்லது. அப்படி வாங்கினால் 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள். மைக்ரோசாஃப்ட் தன் 'கோபைலட் பிளஸ்' கணினிகளுக்கு வைத்திருக்கும் குறைந்த அளவே 16 ஜிபிதான். ஆப்பிளும் 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 16 ஆக்கியது. பற்றவைத்த 8 ஜிபி ரேமோடு வரும் மலிவுப் புதுக் கணினிதான் உண்மையில் தவிர்க்க வேண்டியது. வாங்கும் அன்றே அது பழசு.

எதை வாங்கினாலும் ரசீது முக்கியம். கணினிக்குச் செலவழித்ததை 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கை முறை வரி விலக்கில் காட்டலாம். புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வரம்பு. 11 விழுக்காடு வரி கட்டுபவருக்கு முழு விலக்கும் கிடைத்தால் 275 வெள்ளி மிச்சம். கடைக்காரர் ஏமாற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை இருக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது இல்லாமல் அங்கே போய் வாதாடுவது கடினம்.

அன்று கடைக்காரர் அடிமூடியைத் திறந்து காட்டினார். அப்பா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம மைவியும் செகண்ட் ஹேண்ட்தானேப்பா, ஓடலையா?" என்றாள் மகள். சிரித்துக்கொண்டே டி480ஐயே வாங்கினார்கள். எட்டாம் தலைமுறைதான், பார்த்தேன். மிச்சப் பணத்தில் ரேமை 16 ஜிபி ஆக்கி, புதிய பேட்டரியும் போட்டுக்கொண்டார்கள். மீதியை அப்பா மகளிடமே கொடுத்தார். விடுதிக்குப் போகிற பிள்ளைக்குச் செலவா இருக்காது?