தோட்டா பாயாது

தோட்டா யார் நெஞ்சிலும் பாயாது. பித்தளை உறை, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் சின்னப் பொட்டு, முனையில் செருகிய குண்டு, இவை நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. சுட்டால் பாய்வது குண்டு மட்டும். காலி உறை பக்கவாட்டில் துள்ளித் தரையில் விழும். சில சமயம் பக்கத்தில் படுத்திருப்பவனின் சட்டைக் காலருக்குள் விழுந்து கழுத்தைச் சுடும். நம் சிறுகதைகளில் மட்டும் தோட்டாதான் பாய்கிறது. உறையோடும் மருந்தோடும் முழுசாகப் பாய்கிறது போல.

“இதெல்லாம் ஒரு விஷயமா, விடுங்க ப்ரோ” என்று ஒருவர் சொல்வார். ஏற்கெனவே சொல்லியும் விட்டார். விட முடியவில்லை. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நண்பர்கள் படிக்கக் கொடுத்த கதைகளில் ரிவால்வரின் ‘சேஃப்டி’யை விலக்குகிறார்கள். பெரும்பாலான ரிவால்வர்களில் அப்படி ஒரு பொருளே கிடையாது. பூட்டிய அறைக்குள் நான்கு முறை சுட்டுவிட்டு, அடுத்த வரியில் மெல்லிய குரலில் வசனம் பேசுகிறார்கள். காதில் அடைப்பான் இல்லாமல் அறைக்குள் ஒரு தடவை சுட்டுப் பார்த்தவனுக்குத் தெரியும், அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்கு உலகத்தில் ‘ங்ங்ங்’ என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் இருக்காது. இவற்றை எழுதியவர்களில் பெண்களும் உண்டு, பள்ளி மாணவர்களும் உண்டு. அவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை சிங்கப்பூரில் தேசிய சேவையை முடித்துவிட்டு, இன்னும் ரிசர்விஸ்ட்டுக்குப் போய்வந்துகொண்டே இப்படி எழுதும் ஆண்களோடு. துப்பாக்கியைச் சினிமாவிலிருந்து கடன் வாங்க இவர்களுக்கு என்ன அவசியம்? சொந்தக் கையில் இரண்டு வருடம் வைத்திருந்தீர்களே!

இந்தக் கேள்வி எனக்குள் கூர்மையானது தெக்கோங்கில் அல்ல, அரிசோனாவில். வேலைக்காகச் சில மாதங்கள் ஃபீனிக்ஸ் பக்கம் இருந்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் வார இறுதியில் நடக்கும் தற்காப்பு ரைஃபிள் வகுப்புக்குக் கூப்பிட்டார். இரண்டு நாள், பாலைவனத்தில், மண்மேடுகளுக்கு நடுவே. வேலை விசாவில் இருக்கும் வெளிநாட்டவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே மத்தியச் சட்டம். ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் இருந்தால் வைத்திருக்கலாம். எனவே வாழ்க்கையில் ஒரு கோழியைக்கூட அறுக்காத நான், பணம் கட்டி அரிசோனா வேட்டை உரிமம் வாங்கினேன். மான்கள் பயப்பட வேண்டாம்.

வகுப்பில் கொடுத்தது ஏஆர்-15. ‘ஏஆர்’ என்பது அசால்ட் ரைஃபிள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயர். நம்முடைய எஸ்ஏஆர்-21ம் இதுவும் சுடுவது அதே 5.56 மில்லிமீட்டர் குண்டுதான். பயிற்சியைப் பொறுத்தவரை இரண்டும் இரண்டு கிரகம்.

தேசிய சேவையில் சுடுதளத்துக்குப் போனால் எல்லாம் கட்டளைப்படி நடக்கும். எத்தனை தோட்டா என்று எண்ணித் தருவார்கள். எப்போது நிரப்புவது, எப்போது சுடுவது, எப்போது நிறுத்துவது என்பதை வேறொருவர் சொல்வார். முடிந்ததும் காலி உறைகளைக் கடைசி ஒன்றுவரை பொறுக்குவோம். பிறகு வரிசையில் நின்று, என்னிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று ஒவ்வொருவராக உரக்கச் சொல்வோம். குற்றச்செயலின்போது துப்பாக்கியால் சுட்டாலே மரண தண்டனை என்று 1973இல் சட்டம் போட்ட நாடு இது. பித்தளையை எண்ணத்தான் செய்வார்கள். மொத்தத்தில், அந்த இரண்டு வருடமும் நான் சுட்டேன், ஆனால் சுடுவதா வேண்டாமா என்று முடிவு செய்தது ஒருபோதும் நானில்லை.

அரிசோனாவில் நேரெதிர். தோட்டா நம்முடையது, நிரப்புவது நாம், முடிவு நம்முடையது. முதல் நாள் காலை துப்பாக்கியைத் தொடவே விடவில்லை. ஜெஃப் கூப்பர் என்ற பழைய பயிற்றுநரின் பெயரால் அறியப்படும் நான்கு விதிகளைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் தோட்டா இருக்கிறது என்று நடந்துகொள். அழிக்கச் சம்மதமில்லாத எதன்மீதும் குழலைத் திருப்பாதே. குறி இலக்கில் பதியும்வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று தெரிந்துகொள். ஒரு சிறுகதை எழுத்தாளனுக்கு நான்காவது விதி ஒன்றே போதும் என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதே தோன்றியது. நம் கதைகளில் யார் சுட்டாலும் அந்தக் குண்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதில்லை. ஹவ்காங் அடுக்குமாடி வீட்டுக்குள் சுடுகிறான் என்று எழுதியிருப்பார்கள். சன்னலுக்கு வெளியே எதிர் புளோக்கில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் பாட்டி எழுதியவரின் கண்ணுக்குத் தெரியவே மாட்டாள்.

அப்புறம் கணக்கு. ஏஆர்-15இல் குறிபார்க்கும் கருவி குழலுக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம் மேலே இருக்கிறது. 50 கஜத்தில் சரியாகப் படும்படி அமைத்துவிட்டு, ஐந்தாறு அடி தூரத்தில் நெற்றியின் நடுவைக் குறிபார்த்தால் குண்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் கீழே போய்ப் படும். கிட்டப் போகப் போகக் குறி தவறுகிறது! பக்கத்தில் இருப்பவனை அடிக்க உச்சந்தலைக்கு நேரே பார்க்க வேண்டும். பொறியாளன் என்பதால் எனக்கு இதில் தனி ருசி, மன்னிக்கவும். ஆனால் சினிமா இதை ஒருநாளும் சொல்லித்தராது. சினிமாவில் கிட்டே போனால் வசனம் பேசலாம், அவ்வளவுதான்.

துப்பாக்கி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதில் ஒரு முழு மதியம் போனது. அடியில் தட்டு, பின்னால் இழு, மறுபடி பார். தட்டு, இழு, பார். வேண்டுமென்றே வெற்றுத் தோட்டா ஒன்றைக் கலந்து கொடுத்து, எப்போது ‘க்ளிக்’ வரும் என்று தெரியாமல் செய்துவிட்டார்கள். வீரமெல்லாம் முதல் ‘க்ளிக்’கிலேயே போய்விடும். மிச்சம் இருப்பது கைவேலை, எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் செய்வோமே, அதே மாதிரி.

இரண்டாம் நாள் காகித மனிதர்கள் வந்தார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி, ஒருவன் கையில் கைபேசி, ஒருவன் வெறுங்கையை உயர்த்தி நிற்கிறான். திரும்பிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அங்கே அடிக்கடி சொல்கிற ஒரு வாசகம்: உன் குழலிலிருந்து போகும் ஒவ்வொரு குண்டோடும் ஒரு வக்கீல் ஒட்டிக்கொண்டு போகிறான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சுடாமல் இருப்பதற்கு இவ்வளவு பயிற்சி வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இந்த வகுப்பை நான் புகழ்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கையைப் பற்றி அவ்வளவு நேர்மையாக இருந்த வகுப்பு, ‘தற்காப்பு’ என்ற சொல்லைப் பற்றி நேர்மையாக இல்லை. இரண்டு நாளும் எதிரில் நின்றது யார்? நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு வரும் முன்பின் தெரியாதவன். எப்போதும் அவன்தான். ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். இது ஒளித்துவைத்த புள்ளிவிவரம் அல்ல, அந்த அரசாங்கமே ஆண்டுதோறும் வெளியிடுவது. அதாவது வீட்டிலிருக்கும் துப்பாக்கிக்கு அந்த அந்நியனைவிட அதிகம் அகப்படுவது வீட்டுக்காரனே. அவனை அவனிடமிருந்து காப்பதற்கு அந்த மண்மேட்டில் ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. குழலுக்கும் குறிக்கும் இடையிலான இரண்டரை அங்குலத்தை அளந்து சொன்னவர்கள் இதைச் சொல்லவில்லை. மதிய உணவின்போது கேட்டேன். “அது வேறு விஷயம்” என்று பதில் வந்தது. வேறு விஷயமா? தற்காப்பில் முதல் எழுத்தே ‘தன்’னிலிருந்து வருவதுதானே.

திரும்பி வந்து நம் கதைகளைப் படித்தபோதுதான் கோபம் கூடியது. அந்த வகுப்பாவது ஒரு பொய்யைச் சொல்வதற்கு முன் நூறு உண்மைகளைச் சொன்னது. நாம் நேரே பொய்யில்தான் ஆரம்பிக்கிறோம்.

ஈழத்துப் புனைவில் இந்தக் கோளாறு இல்லை. அங்கே அது ‘துவக்கு’. ஷோபாசக்தியும் குணா கவியழகனும் எழுதும்போது அதற்கு எடை இருக்கிறது, காரணம் இருவரும் இயக்கத்தில் இருந்தவர்கள். இதைச் சொன்னால் நம் ஊர்ப் பதில் தயாராக இருக்கும்: “அவங்க போரைப் பார்த்தவங்க. நமக்கு என்ன இருக்கு எழுத?” சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளனின் நிரந்தரப் புலம்பல் இது. வாழ்க்கை தட்டையாம், எம்ஆர்டியும் காபிக்கடையும்தானாம்.

போர் நடக்காத துப்பாக்கிதான் நமக்கு வாய்த்த விஷயம், அதை ஏன் யாரும் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்? 1967இலிருந்து இங்கே தமிழ்ப் பையன்கள் பதினெட்டு வயதில் ரைஃபிளை வாங்குகிறார்கள். எந்தப் போரிலும் சுடாமல் திருப்பிக் கொடுக்கிறார்கள். அப்பா எம்16, மகன் எஸ்ஏஆர்-21. கிட்டத்தட்ட நான்கு கிலோ. அதோடு தூங்கி, அதைச் சுமந்து 24 கிலோமீட்டர் நடந்து, தொலைத்துவிட்டதாகக் கனவு கண்டு அலறி எழுந்தவன் எத்தனை பேர்! அணிவகுப்பில் கட்டளை மலாயில் வரும், செடியா, செனாங் டிரி. ஆயுதப் பாடம் ஆங்கிலத்தில். திட்டு ஹொக்கியனில். மலாயில் துப்பாக்கிக்கு ‘செனாப்பாங்’ என்று பெயர், அது டச்சுக்காரன் விட்டுப்போன சொல். நம் ‘துப்பாக்கி’யும் துருக்கிப் பக்கமிருந்து வந்ததுதான். பழைய தமிழ் அகராதியில் துப்பாக்கிக்கு ஒரு ‘குதிரை’ உண்டு. இத்தனை மொழியும் ஒரு பையன் வாயில் புரள, அவன் எழுத உட்கார்ந்தால் கோடம்பாக்கம் வில்லன் வருகிறான். என்னத்தைச் சொல்ல.

ஆங்கிலத்தில் மைக்கேல் சியாங்கின் ‘ஆர்மி டேஸ்’ 1987இலேயே மேடையேறிவிட்டது. அதில் கிருஷ்ணமூர்த்தி என்று நம் பையன் ஒருவன் வருகிறான், காதலியை நினைத்து உருகிச் சிரிக்க வைப்பதற்கு. 2012இல் ஜாக் நியோவின் ‘ஆ பாய்ஸ் டு மென்’ வந்தது, தியேட்டர் நிறைந்தது. தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் தேடிப் படித்தவற்றில் பெரும்பாலானவை தேசிய தினக் கட்டுரைப் போட்டிக்கு எழுதியதுபோல் இருந்தன. பையன் முரடனாகப் போகிறான், ஒழுக்கசீலனாகத் திரும்பி அம்மா காலில் விழுகிறான். அந்த அம்மா பெற்றோர் நாளன்று படகேறித் தீவுக்கு வந்து, மகன் தூங்கும் இரும்புக் கட்டிலைத் தடவிப் பார்த்திருப்பாள். அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரி இல்லை. “இனி இதுதான் உன் பொண்டாட்டி” என்று ரைஃபிளைக் காட்டி சார்ஜன்ட் சொன்னபோது சிரித்தோமே, அதைப் பற்றியும் இல்லை.

இன்னொரு சாக்கு உண்டு. “ராணுவ விஷயம், எழுதக் கூடாதுங்க. இரகசியக் காப்புச் சட்டம் இருக்கு.” இருக்கிறது, மறுக்கவில்லை. எந்த முகாமில் எது இருக்கிறது என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. ஈரக் காலுறைக்குள் பவுடர் கொட்டிக்கொண்டு, நாளைக்குச் சுடுதளத்தில் கை நடுங்குமோ என்று விழித்துக் கிடந்த இரவு எந்த நாட்டின் இரகசியம்?