கண்ணைச் சோதியுங்கள், வயிற்றில் அடிக்காதீர்கள்!

பொழுது விடியுமுன் கிராமத்து முச்சந்தியில் மில் பஸ் வந்து நிற்கிறது. முதல் ஷிப்ட் தொழிலாளர்கள் ஏறுகிறார்கள். அதே நேரத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் சரக்கு வேனில் நெருக்கியடித்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் புறப்படுகிறார்கள். இத்தனை பேரின் உயிரும் ஒரே ஒருவரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. அவர்தான் டிரைவர். அவரும் நம்மைப் போலக் கூலிக்கு உழைக்கும் தொழிலாளியே.

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று சர்க்கார் கணக்கே கூறுகிறது. விபத்து நடந்தவுடன் "டிரைவரின் அஜாக்கிரதை" என்று எழுதிப் பைலை மூடிவிடுவது வழக்கம். அந்த டிரைவர் எத்தனை மணி நேரம் தூக்கமின்றி ஓட்டினார்? அவருடைய கண்ணைக் கடைசியாகச் சோதித்தது யார், எப்போது? இதைக் கேட்பார் இல்லை.

சட்டத்தில் குறை இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பஸ், லாரி, வாடகை வண்டி ஓட்டுவோர் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தாக வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து காரின் நம்பர் பலகையை வாசிக்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் படிவம் கேட்கிறது. வலிப்போ, திடீர் மயக்கமோ, தலைசுற்றலோ உண்டா என்று விண்ணப்பம் போடும் டிரைவரே எழுதித் தர வேண்டும். கேள்விகள் நியாயமானவையே. ஆனால் நடப்பது என்ன? பணத்தை நீட்டினால் ஆளைப் பாராமலே கையெழுத்துக் கிடைக்கும் இடங்கள் உண்டென்பது ஊரறிந்த விஷயம். இந்த லைசென்சை முன்பு 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தார்கள். 2019-ம் வருஷத்துத் திருத்தம் அதை 5 ஆண்டாக நீட்டியது. நாற்பது வயதைத் தாண்டிய மனிதனுக்குச் சர்க்கரை வியாதி வருவதற்கும், கண்ணில் புரை வளர்வதற்கும் 5 ஆண்டு போதாதா?

டிரைவர் ஏன் உண்மையைச் சொல்வதில்லை? இதுதான் பிரச்னையின் ஆணிவேர். "இரவில் எதிர்வண்டி விளக்கு கண்ணைக் கூசுகிறது" என்று வாய் திறந்தால் மறுநாள் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும். வாடகை, பிள்ளைகள் படிப்பு, வட்டிக்கடன் எல்லாம் அந்தச் சாவியில்தான் தொங்குகின்றன. ஆகவே அவர் மறைக்கிறார். அவர் மறைப்பதன் அபாயத்தைப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாம் சுமக்கிறோம். உண்மை பேசுபவன் பட்டினி கிடக்க வேண்டுமென்றால், எந்தப் படிவமும் உண்மையைக் கொண்டுவராது.

இதற்கு வழி உண்டு என்பதைத் தெலுங்கானாவில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. அங்கே அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர் ஒருவருக்கு நிறப் பார்வைக் குறை இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. மாற்று வேலை கேட்டார். கழகமோ கட்டாய ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு சென்றது. அதே ஊதிய நிலையில் அவருக்கு ஏற்ற வேறு வேலை தர வேண்டுமென்று 2025 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக நின்றது எது? 1979-ல் தொழிற்சங்கம் நிர்வாகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம்! அன்று ஒன்றுபட்டு நின்ற தொழிலாளர்கள் வாங்கிய ஒரு ஷரத்து, நாற்பத்தைந்து ஆண்டு கழித்து ஒரு குடும்பத்தின் அடுப்பை அணையாமல் காத்தது.

பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, சம்பளம் குறையாமல் வேறு வேலை தர வேண்டும் என்று 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டமும் கூறுகிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் லாரி டிரைவருக்கு, பள்ளி வேன் டிரைவருக்கு, மில் முதலாளி காண்ட்ராக்டில் ஓட்டும் பஸ் டிரைவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இருந்த பாதுகாப்பும் சுருங்குகிறது. 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 5 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கே பொருந்தியது. நாளைக்கு 8 மணி நேர வேலை, வாராந்திர ஓய்வு, வைத்திய வசதி என்று அது விதித்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை விழுங்கிவிட்டது. இப்போது 10 பேர் இருந்தால்தான் சட்டம் எட்டிப் பார்க்கும். முதலாளி செலவில் வருஷாந்தர வைத்தியப் பரிசோதனை என்று புதிய சட்டம் பேசுகிறது. ஆறு லாரி வைத்திருப்பவரிடம் ஓட்டும் டிரைவருக்கு அதனால் என்ன லாபம்?

"அப்படியானால் பார்வையற்றவனையும் ஓட்டவிடச் சொல்கிறீர்களா?" என்று முதலாளிகள் கேட்பார்கள். இல்லை. சோதனை கண்டிப்பாக இருக்க வேண்டும், நேர்மையாக இருக்க வேண்டும் என்றே நாம் சொல்கிறோம். தகுதியற்ற கண்ணோடு ஒருவரும் ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடாது. ஆனால் மூக்குக் கண்ணாடியால் தீரும் குறைக்கும், ஆபரேஷனால் நீங்கும் புரைக்கும் வேலை நீக்கம் மருந்தல்ல. நிறப் பார்வைக் குறை லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்கள் லைசென்ஸ் பெறலாம் என்று 2020-ல் சர்க்காரே விதியைத் திருத்தியதை மறக்க வேண்டாம்.

நமது கோரிக்கைகள் இவை: சர்க்கார் ஆஸ்பத்திரிகளில், சம்பளத்தோடு கூடிய நாளில், ஆண்டுதோறும் டிரைவர்களுக்கு இலவசப் பரிசோதனை வேண்டும். கண்ணாடியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும். சிகிச்சைக் காலத்துக்குச் சம்பளம் தர வேண்டும். ஓட்டத் தகுதி இழந்தவருக்கு மாற்று வேலை தரும் கடமை தனியாருக்கும் விதிக்கப்பட வேண்டும். மாற்று வேலைக்கு வழியில்லாத சிறு நிறுவனமானால், வாகன வரியிலிருந்து ஒதுக்கிய நிதியைக் கொண்டு டிரைவர் நல வாரியம் ஜீவனத்துக்கு உதவ வேண்டும். ஆள் எண்ணிக்கை எதுவானாலும் 8 மணி நேர விதி அமலாக வேண்டும்.

மில் தொழிலாளர்களே! விவசாயத் தொழிலாளர்களே! இது டிரைவர்களின் தனிப் பிரச்னை என்று ஒதுங்கிவிடாதீர்கள். நாளை காலை நீங்கள் ஏறும் வண்டியை ஓட்டுபவர் நன்றாக உறங்கி எழுந்தவரா, கண் தெளிந்தவரா, பயமற்றவரா என்பது உங்கள் வீட்டுப் பிரச்னை. டிரைவர்களின் கோரிக்கையை உங்கள் சங்கக் கூட்டங்களிலும் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அவர்களுடைய வேலைக்கு உத்தரவாதம் கிடைக்கும் நாளில்தான் உங்கள் உயிருக்கும் உத்தரவாதம் கிடைக்கும்.