லயத்துக்குக் கூரை, குடும்பத்துக்குப் பட்டா

மூணாறு, தேவிகுளம் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் தேயிலைத் தோட்ட லயங்களைப் புதுப்பிக்கும் பேச்சு மீண்டும் எழுகிறது. கேரள அரசு தன் 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் இப்பணிக்கென 10 கோடி ரூபாய் ஒதுக்கியது. அத்தொகை போதுமா என்பதே பெரும்பாலும் விவாதமாகிறது. நாம் கேட்க விரும்புவது வேறு. பொதுப்பணத்தைச் செலவிட வேண்டிய இடம் லயத்தின் கூரைதானா?

மலையறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரே நீண்ட கூரையின் கீழ், பொதுச்சுவர்களால் பிரிக்கப்பட்ட வீடுகளின் வரிசையே லயம். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒடுங்கிய திண்ணை. பல குடும்பங்களுக்கு அவ்வளவுதான். ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த வரிசைகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். தகரம் துருப்பிடித்தால் மேலே பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பு பறக்காமலிருக்க அதன்மேல் கற்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தேனிப் பகுதிகளிலிருந்து மலையேறியவர்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை இக்கூரைகளின் கீழ்தான் பிறந்து வளர்ந்தது.

இவ்வீடுகளைச் செப்பனிடுவது யார் கடமை என்பதில் ஐயமில்லை. வீடு கட்டித் தருவதையும் அதைப் பராமரிப்பதையும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் பொறுப்பாக வகுத்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வீட்டு வசதிப் பொறுப்பை உரிமையாளரிடமிருந்து எடுத்துவிடவில்லை. தேயிலை விலையும் உற்பத்திச் செலவும் நெருக்குகின்றன என்று நிர்வாகங்கள் சொல்வது பொய்யன்று. ஆயினும், கூலி குறைவாக இருப்பதற்குக் காரணம் கேட்டபோதெல்லாம் வீட்டைக் காட்டியவர்கள், அந்த வீடு ஒழுகும்போது அரசைக் காட்டுவது பொருந்தாது.

வங்கியின் இதழில் இதைப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். மாதந்தோறும் கணக்கில் கூலி வரவாகிறது; வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறது; பிள்ளையின் படிப்புக்குக் கடன் வாங்கித் தவறாமல் அடைக்கும் குடும்பங்களும் உண்டு. இத்தகைய குடும்பம் வீட்டுக் கடன் கேட்டு வந்தால், எந்த வங்கியும் முதலில் கேட்பது பட்டாவையும் வில்லங்கச் சான்றையும்தான். அவர்களிடம் இருப்பதோ லயத்தின் எண். செக்ரோலில் பெயர் இருக்கும்வரை வீடு. பெயர் நீங்கினால், பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாலொழிய வீடும் இல்லை. கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் 2005இல் உருவானபோது ஊழியர்களே அதன் பங்குதாரர்கள் ஆனார்கள். நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவருக்குத் தாம் ஆணியடிக்கும் சுவரில் உரிமையில்லை என்பது விந்தையான கணக்குதான்.

புதுப்பித்த லயமும் இந்நிலையை மாற்றாது. அரசின் பணத்தில் புதுக் கூரை வேயப்படும். பணி ஓய்வு நாளில் அந்தக் கூரையும் தோட்டத்தின் சொத்தாகவே நிற்கும்.

கேரளத்தில் 2017 முதல் நடைபெறும் லைஃப் திட்டம் ஒரு வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் வழங்குகிறது. கிராமப் பஞ்சாயத்துகளே பயனாளிகளைத் தேர்கின்றன. லயத்துக் குடும்பங்கள் நிலமும் வீடும் இல்லாதோர் பட்டியலில் வருவார்கள். ஆனால் நிலம் கிடைக்கும்வரை அந்தப் பட்டியலால் ஒரு செங்கல்கூட நகராது. இந்த முடிச்சை அவிழ்க்கவே 2018 ஜூனில் மாநில அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. தோட்ட வரி நீக்கப்பட்டது. லயங்களுக்குக் கட்டட வரிவிலக்கும் தரப்பட்டது. கூடவே, 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு லைஃப் வீடுகள் என்றும், நிலத்தை உரிமையாளர் இலவசமாகத் தர வேண்டும் என்றும், செலவில் பாதியை அரசு ஏற்று மறுபாதியை உரிமையாளரிடமிருந்து வட்டியின்றி 7 ஆண்டுத் தவணைகளில் பெறும் என்றும் அறிவிக்கப்பட்டது. வரிச்சலுகைகள் வந்து சேர்ந்தன. வீடுகளோ அந்த எண்ணிக்கைக்கு அருகில்கூட வரவில்லை.

நிலம் இல்லை என்பதே வழக்கமான விடை. 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம், நில உச்சவரம்பில் தோட்டங்களுக்குள்ள விலக்கு, சரிவின் அபாயம் என்று காரணங்கள் அடுக்கப்படும். அவற்றுள் சரிவைப் பற்றிய அச்சம் முற்றிலும் நியாயமானது. மற்றவற்றுக்கு நடந்தவையே மறுமொழி கூறுகின்றன. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 66 உடல்கள் மீட்கப்பட்டன, நால்வர் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களில் பலர் கயத்தாறுப் பகுதியை வேராகக் கொண்டவர்கள். அதன் பிறகு மூணாறுக்கு அருகே குட்டியார்வாலியில் எட்டுக் குடும்பங்களுக்குத் தலா 5 சென்ட் நிலத்தை அரசு தந்தது. தோட்ட நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை அழிந்தபோது, கல்பற்றாவில் எல்ஸ்டன் தோட்ட நிலத்தை அரசு கையகப்படுத்தி, குடும்பத்துக்கு 7 சென்ட் என்று வகுத்தது. கடல் கடந்து இலங்கையிலும், 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பின்னரே, தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியுடன் தனிவீடு என்ற பேச்சு வலுப்பெற்றது. நம் கணக்கில் அது நாலே கால் சென்ட்டுக்குச் சற்று அதிகம்.

பிணங்களை எடுத்த பிறகு கிடைக்கும் நிலம் அதற்கு முன்னும் அங்கேதான் இருந்தது.

பட்டா கொடுத்தால் விற்றுவிட்டுப் போவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். வயநாட்டு வீடுகளை 12 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. இங்கும் அதை வைக்கலாம். ஆகவே பஞ்சாயத்துகள் இரண்டு கணக்குகளைப் பிரித்து எழுத வேண்டும் என்பது நம் கருத்து. ஒழுகும் கூரை, விரிந்த சுவர், அடைந்த வடிகால் ஆகியவற்றை மழைக்கு முன் பார்வையிட்டு, செலவை நிர்வாகத்தின் பெயரில் எழுதட்டும். அரசின் பணம் பட்டாவுள்ள வீட்டுக்கு மட்டுமே போகட்டும். சரிவு ஆய்வில் தேறிய நிலத்தின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டுக் கிராமசபை தீர்மானம் நிறைவேற்றினால், வருவாய்த் துறை அதற்கு எழுத்தில் விடை சொல்லியாக வேண்டும்.

பட்டாவில் யார் பெயர் என்பதிலும் தயக்கம் வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாற்றின் சாலைகளில் அமர்ந்து, போனஸோடு தங்கள் குடியிருப்பு நிலையையும் நாடறியச் செய்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். முதற்பெயர் அவர்களுடையதாக இருக்கட்டும். கணவர் பெயர் அடுத்த வரியில் வரலாம்.