காரணம் சொல்லாத முடிவு



டிசம்பர் பிறந்துவிட்டது. அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. நவம்பர் 1-ஆம் தேதி ‘எர்லி டிசிஷன்’ விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, இந்த மாத நடுவில் வரப்போகும் முடிவுக்காகக் காத்திருக்கும் வீடுகள் அவை. நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் நம் வாசகர் குடும்பங்கள் பலவும் இந்தக் காத்திருப்பில் இருக்கின்றன.

இந்த முறை பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, “இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்” என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளையோடு பெற்றோரும் பள்ளியின் கவுன்சிலரும் கையெழுத்திட வேண்டும். இடம் கிடைத்துவிட்டால் மற்ற இடங்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற வேண்டும். கிடைக்கும் நிதியுதவி போதாது என்றால்தான் விலகிக்கொள்ள வழி உண்டு. கொலம்பியா, கார்னெல், பிரவுன், டியூக் போன்றவை இந்த முறையில் ஆள் எடுக்கின்றன. ஹார்வர்டும் யேலும் ஸ்டான்ஃபோர்டும் முன்கூட்டியே முடிவு சொன்னாலும் பிள்ளையைக் கட்டிப்போடுவதில்லை. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பேச்சே கிடையாது.

கட்டுப்படச் சம்மதித்தவர்களுக்குப் பலன் உண்டா? உண்டு. ஏவரி, ஃபேர்பேங்க்ஸ், செக்ஹவுசர் ஆகிய மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறக்குறைய 100 மதிப்பெண் கூடுதலாக எடுத்ததற்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. எந்த இடம் எவ்வளவு உதவி தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்காமலே கையெழுத்துப் போட யாரால் முடியும்? செலவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத வீட்டால்தான் முடியும். இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் முன்கூட்டிச் சேர்ப்பதையே கைவிடுவதாக அறிவித்தன. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அவர்கள் வழிக்கு வரவில்லை. 2011-இல் இரண்டும் முன்கூட்டிச் சேர்ப்பதற்கே திரும்பிவிட்டன.

முறையின் நியாயம் அப்படியிருக்க, அந்த முடிவு வீட்டுக்குள் வரும் மாலையைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச நினைத்தேன். வரக்கூடிய பதில் மூன்று: இடம் உண்டு, இல்லை, அல்லது ‘டிஃபர்’ – அதாவது மற்றவர்களோடு சேர்த்து வசந்த காலத்தில் மறுபடி பார்க்கிறோம்.

ஒரு டிசம்பரில் நியூஜெர்சியில் நண்பர் ஒருவரின் வீட்டில் இருந்தேன். ஏழு மணிக்கு முடிவு. ஆறே முக்காலுக்கே அவர் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போய், நின்றிருந்த காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நண்பர் ஏற்கெனவே படித்து முடித்த மின் கட்டண ரசீதை எடுத்து மறுபடி படித்தார். அவர் மனைவி துடைத்த மேடையையே துடைத்துக்கொண்டிருந்தார். ஏழேகாலுக்கு அந்தப் பெண் உள்ளே வந்து, “டிஃபர் பண்ணிட்டாங்க” என்றாள். அடுத்து அவள் சொன்னது, “அம்மா, நீ அழாதம்மா.” பதினேழு வயதுப் பெண், தன் அழுகையை ஒத்திவைத்துவிட்டு அம்மாவைத் தேற்றினாள். அப்போது நண்பர் கேட்டார்: “அந்த கெமிஸ்ட்ரில பி வாங்கினியே, அதுதான் காரணமா இருக்குமோ?” அவள் பதில் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாள்.

நண்பர் மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அவர் தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதி, கட்-ஆஃப் பார்த்து, ரேங்க் எண்ணோடு கவுன்சலிங்குக்குப் போய் நின்று வந்தவர். அங்கே கிடைக்காததற்கு ஒரு எண் இருக்கும். அரை மதிப்பெண்ணில் போனது என்று தெரியும். சந்தேகமிருந்தால் விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டலுக்குப் பணம் கட்டலாம். இங்கே அந்த எண்ணே இல்லை. மதிப்பெண், 650 சொற்களுக்குள் எழுதிய கட்டுரை, ஆசிரியர்களின் பரிந்துரை, அந்த ஆண்டு எந்தத் துறைக்கு, எந்த ஊரிலிருந்து, எந்த விளையாட்டுக்கு ஆள் வேண்டும் என்ற பல்கலைக்கழகத்தின் தேவை, எல்லாம் கலந்து ஒரு அறைக்குள் முடிவாகிறது. வருகிற கடிதத்தில் காரணம் இருக்காது.

கடிதத்தில் இல்லாத காரணத்தை நாம் பிள்ளையிடம் தேட ஆரம்பிக்கிறோம். தேடினால் கட்டாயம் கிடைக்கும். நான்கு வருடப் பள்ளி வாழ்க்கையில் ஒரு பி-யாவது, பாதியில் விட்ட ஒரு பாட்டு வகுப்பாவது இல்லாத பிள்ளை ஏது? ஆனால் அதனால்தான் இடம் போனது என்பதற்கு நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பிள்ளையோ அப்பா சொன்ன காரணத்தை நிஜமென்று நம்பிவிடும். தயவுசெய்து அன்று மாலை அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். மறுநாளும் வேண்டாம். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பிள்ளையே கூப்பிடும்வரை வாட்ஸ்அப்பில் “ரிசல்ட் என்னாச்சு கண்ணு?” வேண்டாம்.

பெரிய பெயருள்ள இடம் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போய்விடும் என்று அஞ்சுபவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்கிறேன். பொருளியல் அறிஞர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-இல் வெளியிட்டது. ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். கடும் போட்டியுள்ள கல்லூரிக்குப் போனவர்களும் அதைவிட எளிதில் இடம் தரும் கல்லூரிக்குப் போனவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கூடுதலாகக் கைகொடுத்தது. ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் 2023-இல் சொன்னதையும் மறைக்கக் கூடாது: உச்சத்தில் இருக்கும் ஒரு சதவீதப் பணக்காரர்களின் வரிசையை எட்டும் வாய்ப்பை அந்தக் கல்லூரிகள் கூட்டவே செய்கின்றன, சராசரி வருமானத்தில்தான் பெரிய வித்தியாசமில்லை. நம் வீடுகளில் முக்கால்வாசிக்கு இந்தச் சராசரிக் கணக்கே போதும் என்பது என் எண்ணம்.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பல கல்லூரிகளுக்கு வழக்கமான விண்ணப்பத்தின் கடைசி நாள் ஜனவரி முதல் வாரத்தில் வந்துவிடும். முடிவு வந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட பிள்ளைகள், மனம் உடைந்த நிலையில் இரண்டே வாரத்தில் ஏழெட்டுக் கட்டுரைகள் எழுதித் தவிப்பதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். முடிவு வருமுன்பே அவற்றை முடித்து வைக்கச் சொல்லுங்கள். ‘டிஃபர்’ ஆனால், இன்னமும் ஆர்வம் இருக்கிறது என்று ஒரு பக்கக் கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும். அரையாண்டு மதிப்பெண்களைப் பள்ளி அனுப்பியதா என்று கவுன்சிலரிடம் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்